முள் நடுவுக்கு வரவில்லை

மூன்றாவது முறையும் என் புல்லட் அதே புளியமரத்துக்கு எதிரில்தான் நின்றது. வேலூரிலிருந்து ஆரணி போகிற சாலையில், கண்ணமங்கலம் வருவதற்குச் சற்று முன்னால். மரத்தடியில் ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா பாய்லரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இன்னாப்பா, மறுபடியும் நின்னுகிச்சா?”

தலையை ஆட்டிவிட்டு வண்டியை நிழலுக்குத் தள்ளினேன். சித்திரை முடிகிற நேரம், கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் ஊரில் மே மாதத்தில் 42 டிகிரி என்றால் ‘இன்னைக்குப் பரவாயில்லை’ என்று பேசிக்கொள்வோம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதோரம் வேர்வை ஓடியது. புல்லட்டின் சிலிண்டர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று தோசைக்கல் சத்தம்.

“இந்த எடத்துல முனி நடமாட்டம் கீதுப்பா. எங்க ஊட்டுக்காரரு வண்டியும் ஒரு தபா இங்கயே நின்னுச்சு. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டுப் போ.”

எனக்கு முனி மேல் சந்தேகம் இல்லை. என்னுடைய சந்தேகம் வேறு. இந்த வண்டி ஒன்றாயிருந்த வட ஆற்காடு மாவட்டத்தில் ஓடிய வண்டி. 1989இல் மாவட்டத்தைப் பிரித்து, கண்ணமங்கலம் திருவண்ணாமலைப் பக்கம் போனது. 2019இல் மிச்சமிருந்த வேலூரையும் மூன்றாக்கினார்கள். இது எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறதோ என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முனி விஷயத்தில் விளையாடக்கூடாது என்பதுபோல டீயை நீட்டினார்.

குடித்தேன். இருபது நிமிடம் உட்கார்ந்தேன். உதைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிட்டது. அதுதான் எரிச்சல். ஓடாத வண்டியைச் சரிசெய்துவிடலாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஓடிக்காட்டும் வண்டியை என்ன செய்வது?

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1979 மாடல் புல்லட் 350. அப்பா 1984இல் கம்மவான்பேட்டையில் ஒரு பட்டாளத்துக்காரரிடம் வாங்கியது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர் அது. புல்லட்டும் நம் நாட்டுக்குப் பட்டாளத்துக்காகத்தான் வந்தது. ராணுவம் ஆர்டர் கொடுத்ததால் 1955இல் மெட்ராஸில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலை முழு வண்டியையுமே செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி படுத்த பிறகும் திருவொற்றியூரில் அதே எஞ்சினைத்தான் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எஞ்சின் இரும்பு. 346 சிசி, ஒரே சிலிண்டர், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அதாவது பிஸ்டன் அகலத்தைவிட நீளமாகப் பயணம் செய்கிற எஞ்சின். அதனால்தான் அந்த நிதானமான டக்... டக்... சத்தம், நாலாவது கியரில் எருமை போல ஏற்றம் ஏறுகிற இழுவை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய பிள்ளைகளிடம் கொடுத்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள்.

அப்பா வாங்கிய மறுநாளே விரிஞ்சிபுரம் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட்டாராம். அங்கே சுவாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான சாமி யார்? நாற்பது வருடம் வழித்துணையாகத்தான் இருந்தார். கண்ணமங்கலம் ரூட் அவர் எல்லையில் வராதுபோல.

இந்த வண்டியை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. அப்பா எனக்குப் பதினாறு வயதில் கற்றுக்கொடுத்தார். சும்மா ஏறி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டால் ஒரு வாரம் நொண்டவேண்டும். முறை இதுதான். சாவியைப் போடு. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பார். கிக்கரைக் கையால் தள்ளுவதுபோல மெதுவாகக் காலால் தள்ளு. முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். தள்ளிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கிக்கர் இறுகும், முள் டக்கென்று நடுவுக்கு வரும். அங்கே நிறுத்து. இடது கையில், சிலிண்டருக்குள் இருக்கிற அமுக்கத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரல்கடை மட்டும் நகர்த்து. லீவரை விடு. கிக்கரை மேலே விட்டு, இப்போது முழு எடையையும் போட்டு ஒரே உதை.

‘முள் நடுவுக்கு வரணும்’ என்பது அப்பாவின் மந்திரம். ஏன் வருகிறது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ராகுகாலத்தில் கிளம்பக்கூடாது என்பதுபோல அதுவும் ஒரு விதி, அவ்வளவுதான்.

என் சொந்த அக்கா வீடு ஆரணியில். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போவேன். பஸ்ஸில் போகலாம், காரில் போகலாம், புல்லட்டில் போவதற்குத்தான் போகிறேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். முதல் முறை நின்றபோது நான் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாதவர் யார்? இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சே அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நாள்கணக்கில் நிற்கிற டாங்கியில் தண்ணீர் அடியில் தங்கும். பழைய ரப்பரையும் பெட்ரோல் குழாயின் தக்கையையும் கெடுக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையில், கலவை கொஞ்சம் லீனாகி, அதாவது பெட்ரோல் குறைந்து, எஞ்சின் கூடுதலாகச் சுடும். இதெல்லாம் உண்மைதான், எனக்கு இ20 மேல் கோபமும் உண்டு. ஆனால் இந்தக் கொலையை அது செய்யவில்லை.

அது அப்போது தெரியாதே. கார்புரேட்டரைக் கழற்றினேன். புல்லட்டில் இருக்கும் மிக்கார்ப் கார்புரேட்டர் ஒன்றும் ராக்கெட் இல்லை. ஒரு மத்தியானத்தில் பிரித்துப் பூட்டிவிடலாம். ஸ்லோ ஜெட்டின் ஓட்டை தலைமுடி அளவு. அதில் ஊசியை விட்டுக் குத்துகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, செய்யாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெருத்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும்.

ஜெட் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. கார்புரேட்டர் ஹெட்டோடு சேருகிற முகம், இரண்டு போல்ட்டுக்கு நடுவே, வாழையிலை போல வளைந்திருந்தது. யாரோ பலசாலி ஒருவர், ஒருவேளை நானேதான், நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். அந்த வளைவு வழியாகக் காற்று உள்ளே போனால் கலவை கெடும், ஐட்லிங்கில் எஞ்சின் நிலைக்காது. ஒரு கண்ணாடித் துண்டை மேஜையில் வைத்து, அதன் மேல் எமரி பேப்பரை விரித்து, எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தேன். முதலில் இரண்டு ஓரங்களில் மட்டும் பளபளத்தது. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு நடுவை நோக்கி ஊர்ந்து வந்து, முக்கால் மணி நேரத்தில் முகம் முழுக்க ஒரே வெள்ளி. இந்த வருடத்தில் நான் செய்த திருப்தியான வேலை அதுதான், ஆபீஸ் வேலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐட்லிங் அருமையாக ஆனது. அடுத்த பயணத்தில் வண்டி அதே புளியமரத்தடியில் நின்றது.

இரண்டாவது முறை நின்றபோது ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி, கரியாக இருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் லீன் என்பது பாலபாடம். என் ப்ளக் ஈரமாக இருந்தது. பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. ‘ஆகா, பெட்ரோல் ஓவராக வருகிறது, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக விடுகிற ஃப்ளோட் ஊசி சரியில்லை’ என்று முடிவுகட்டினேன். நனைந்த ப்ளக் இரண்டு சங்கதி சொல்லும்: பெட்ரோல் கூடுதலாக வருகிறது, அல்லது வந்த பெட்ரோல் எரியவில்லை. எனக்கு முதலாவதுதான் காதில் விழுந்தது, ஏனென்றால் நான் ஏற்கெனவே பெட்ரோலைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றிவிட்டேன். ஃப்ளோட் ஊசியை மாற்றினேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்ய, வழக்கம்போல முள்ளைப் பார்த்து கிக்கரைத் தள்ளினேன். முள் மைனஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவுக்கு வரவே இல்லை. ‘ஆம்பியர் மீட்டர் வேறு செத்துவிட்டதா’ என்று கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். நாற்பது வருட மீட்டர், ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அப்புறம் வண்டி ஆறியதும் முள்ளும் ஆடியது. தட்டியதில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகு பொறுமை போய், பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பளபளப்பான இடம், ஏசி அறையில் காத்திருக்கலாம். பையன்கள் ஒரே நாளில் ப்ளக், இக்னிஷன் காயில், மெயின் ஜெட், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ட்யூப் எல்லாவற்றையும் மாற்றி 3,400 ரூபாய் பில் போட்டார்கள். எது கெட்டிருந்தது என்று கேட்டேன். “எல்லாமே பழசு சார்” என்றான் பையன். அதுவும் பொய்யில்லை.

இரண்டு வாரம் வண்டி நிற்கவே இல்லை. ஆரணிக்கு இரண்டு முறை போய்வந்தேன். அந்த ஒர்க்‌ஷாப்பை நாலு பேரிடம் சிபாரிசுகூடச் செய்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த இரண்டு வாரமும் கோடை மழை. பாலாற்றில்கூட ஆங்காங்கே தண்ணீர் தேங்கி, பாலத்தில் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுத்தார்கள். வெயில் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, புளியமரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றது. முனி எல்லையை நீட்டிவிட்டார்.

இந்த முறை நிலைமை முன்பைவிட மோசம். ஐந்து சாமான்களை ஒரே நாளில் மாற்றியதால், எதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன்.

சைதாப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். சென்னை சைதாப்பேட்டை இல்லை, எங்கள் வேலூர் சைதாப்பேட்டை. ஒரு காலத்தில் போலீஸ் புல்லட்டுகளெல்லாம் அவர் பட்டறையில்தான் வரிசையில் நிற்கும். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையை மூடிவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் திண்ணையை விட்டு எழவில்லை. வண்டியைத் தொடவுமில்லை.

“எங்க நிக்குது?”

“கண்ணமங்கலத்துக்கிட்ட பாய். எப்பவும் ஒரே எடம்.”

“காலைல போனாலுமா?”

யோசித்தேன். போனதெல்லாம் பத்து மணிக்கு மேல்தான்.

“திரும்பி வர்றப்ப?”

“சாயங்காலம் வருவேன். அப்ப நிக்காது.”

“சரி. நிக்கிறப்ப எப்படி நிக்குது? லைட்டு அணைஞ்ச மாதிரி சட்டுனு நிக்குதா? இல்ல, சாகப்போறவன் மாதிரி இழுத்து இழுத்து நிக்குதா?”

இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சட்டென்றுதான் நின்றது. எண்பது அடி முன்னால்கூட ஒரு திக்கல் திணறல் கிடையாது. சொன்னேன்.

“பெட்ரோல் வரலன்னா வண்டி உனக்குச் சொல்லிட்டுத்தான் தம்பி நிக்கும். இழுக்கும், தும்மும், த்ராட்டில் கேக்காது. கரண்ட்டு போனா சொல்லாது. நீ இத்தினி நாளா பெட்ரோலைப் போட்டு அடிச்சுக்கினு இருந்தே.”

டாங்கி மூடியில் காற்று ஓட்டை அடைத்தாலும் இப்படித்தான் குறிப்பிட்ட தூரத்தில் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும் என்று ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் சொன்னதைக் கேட்டேன். பாய் ஒப்புக்கொண்டார். டாங்கிக்குள் காற்று போக வழியில்லை என்றால் பெட்ரோல் இறங்காது. அதற்குச் சோதனை சுலபம்: நின்ற உடனே மூடியைத் திற, உஸ் என்று காற்றை இழுத்தால் அதுதான் வியாதி. “ஆனா அதுவும் இழுத்து இழுத்துத்தான் நிக்கும். ப்ளக்கும் காஞ்சு போயிருக்கும். உன் ப்ளக்கு நனைஞ்சிருந்துச்சுன்னியே?”

பிறகு உள்ளே போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தார். அதற்குள் திருகாணி, வாஷர், பாயிண்ட் செட். அதிலிருந்து சுண்டுவிரல் முனை அளவில் ஒரு தகர டப்பியை எடுத்தார். அதில் ஒரு ஒயர் தொங்கியது. டப்பியின் உடம்பில் இன்னொரு ஒயரைப் பற்றவைத்து முனையில் முதலைக் க்ளிப் மாட்டியிருந்தார். கண்டன்சர்.

“வண்டிய இங்க வெச்சுப் பாத்தா நூறு வாட்டி ஓடும். நிக்கிற எடத்துலதான் வைத்தியம் பாக்கணும். வெயில் ஏறினப்புறம் போ. நின்னுச்சுன்னா உதைக்காதே. சாவிய ஆஃப் பண்ணாதே. மொதல்ல முள்ளப் பாரு.”

முள் என்றதும் எனக்கு ஏதோ நெருடியது. மீட்டர் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் நாற்பது வருடத்து மெக்கானிக்கின் மொத்தச் சலிப்பும் இருந்தது. “அன்னைக்கே பதில் சொல்லிச்சே. நீ அதைத் தலையில தட்டிட்டு வந்துட்டே.”

சாவியைப் போட்டால் பேட்டரி கரண்ட் ஆம்பியர் மீட்டர் வழியாகக் காயிலுக்குப் போய், அங்கிருந்து காண்டாக்ட் பாயிண்ட்டுக்கு வருகிறது. பாயிண்ட்டின் இரண்டு வாயும் மூடியிருந்தால் கரண்ட் பூமிக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடம்புக்கு, போய்ச் சுற்று முழுமையாகும், முள் மைனஸ் பக்கம் சாயும். வாய் திறந்தால் கரண்ட் அறுபடும், முள் நடுவுக்கு வரும். அந்த அறுபடுகிற நொடியில்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி ப்ளக்கில் பொறி பாய்கிறது. புல்லட்டில் பாயிண்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும்; அது கம்ப்ரஷன் உச்சத்தை ஒட்டிய இடம். அப்பாவின் மந்திரத்துக்குப் பொருள் அதுதான். முள் நடுவுக்கு வந்தால் பொறி விழுகிற இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கண்டன்சர் பாயிண்ட்டுக்குத் துணையாக, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. வாய் திறக்கும்போது கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைச் சட்டென்று வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, பாயிண்ட் கருகாமல் காப்பதும் கரண்ட் வெட்டென்று அறுபட உதவுவதும் இதன் வேலை. உள்ளே மெல்லிய தகடுகளும் நடுவில் காகிதம் போன்ற ஒரு மறைப்பும் சுருட்டி வைத்திருக்கும். கண்டன்சர் கெடுவது இரண்டு விதம். உள்ளே தொடர்பு அறுந்தால் பாயிண்ட்டில் நீலப்பொறி பறக்கும், வண்டி பட் பட்டென்று பேக் ஃபயர் அடித்துத் திணறும். மறைப்பு ஓட்டையாகி இரண்டு தகடும் தொட்டுக்கொண்டால் விஷயம் வேறு: பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் கண்டன்சர் வழியாகவே பூமிக்குப் போய்க்கொண்டிருக்கும். அறுபடவே அறுபடாது. பொறி கிடையாது. முள் மைனஸிலேயே கிடக்கும்.

சூட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு, ஆறியதும் பிரிந்துவிட்டால்? அதுதான் முனி.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்குக் கிளம்பினேன். ஒரு வண்டி நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டியது அன்று மட்டும்தான். கணியம்பாடி தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. நன்றாக ஓட ஓட எனக்குப் பதற்றம். புளியமரம் தெரிந்தது, கடந்தது. டீக்கடை அக்கா கை தூக்கினார். ஏமாற்றத்தோடு இன்னும் அரை கிலோமீட்டர் போனேன். டப். லைட்டு அணைந்த மாதிரி.

உதைக்கவில்லை. சாவியைத் தொடவில்லை. முள்ளைப் பார்த்தேன். மைனஸ். கிக்கரைக் கையால் மெல்லத் தள்ளினேன். மைனஸ். இன்னும் இரண்டு சுற்று. அசையவில்லை. மைல்கல் மாதிரி அங்கேயே நின்றது.

சிலிண்டருக்குப் பின்னால், வலது பக்கம், பாயிண்ட் இருக்கிற கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன். இரும்பு சிலிண்டரின் சூடு முழுக்க அங்கே வீசிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாலே அடுப்படி. கண்டன்சரைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். அது எதற்கு அந்த இடத்தில் வைத்தார்களோ, இங்கிலாந்துக் குளிரில் யோசித்த புத்தி. அதன் ஒயரைப் பிடித்திருந்த சிறிய நட்டைத் தளர்த்தி, ஒயரை மட்டும் உருவி, எங்கும் படாமல் பஸ் டிக்கெட் ஒன்றைச் சுற்றி ஒதுக்கினேன்.

மறுபடி கிக்கரைத் தள்ளினேன். முள் எழுந்து நடுவுக்கு வந்தது.

நடுரோட்டில் ஒரு ஆள் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றால் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பால்வண்டிக்காரர் நிறுத்தி, “பெட்ரோல் இல்லியா சார்?” என்று கேட்டார். இவரும் பெட்ரோலா!

பாய் கொடுத்த கண்டன்சரை வெளியே க்ளட்ச் கேபிளோடு சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி, ஒயரைப் பாயிண்ட்டில் மாட்டி, முதலைக் க்ளிப்பை எஞ்சின் போல்ட்டில் கடிக்க விட்டேன். பழையதைக் கழற்றாமல் புதியதைச் சேர்த்து மாட்டினால் பயனில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் தகடுகள் அப்படியேதான் இருக்கும். கொதிக்கிற எஞ்சின், இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தக் கோலத்திலேயே ஆரணி போய், சாப்பிட்டு, திரும்பி வந்தேன்.

புதிய கண்டன்சர் 120 ரூபாய். பாய் அதைப் பழைய இடத்தில் வைக்கவிடவில்லை. இப்போது வருகிற சாமான் சூடு தாங்காது என்று, ஒயரை நீட்டி, டாங்கிக்கு அடியில் காயில் பக்கத்தில் காற்றுப்படுகிற இடத்தில் பூட்டச் சொன்னார். பாயிண்ட் வாயை எமரியால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் விசிட்டிங் கார்டு அட்டை கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். ப்ளக் இடைவெளியை அளக்க ஹாக்சா பிளேடு. இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி விழுகிற நேரமும், மாறும் என்பதால் அதையும் பார்த்தோம்: பாயிண்ட் வாயில் சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றுவது, தாள் நழுவுகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது அது நழுவவேண்டும். சிகரெட் பிடிக்காத நான் பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கிப் பிரித்துத் தாளை மட்டும் எடுத்ததைக் கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

மாற்றிய இக்னிஷன் காயில், ஜெட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சண்டை போடவில்லை. ஐந்து சாமானை மாற்றியவர்கள் ஆறாவதாக இதையும் மாற்றியிருந்தால் அவர்களைக் கடவுள் என்று கொண்டாடியிருப்பேன். அப்போதும் ஏன் சரியானது என்று தெரிந்திருக்காது.

அப்பாவுக்கு இப்போது 78. காது மந்தம், முட்டி தேய்ந்துவிட்டது. ‘வித்துத் தொலைடா’ என்று ஐந்து வருடமாகச் சொல்கிறார், நானும் அவரிடம் வண்டிப் பேச்சை எடுப்பதில்லை. பழைய கண்டன்சரை மேஜையில் வைத்திருந்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தமாக, காதருகே போய், கதையைச் சொன்னேன். புளியமரம், கார்புரேட்டர், 3,400 ரூபாய், பாய், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

“முள்ளு நடுவுக்கு வரலயா?”

“ஆமாம்ப்பா.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போளூர்ப் பக்கம் எனக்கு இதே மாதிரி நின்னுச்சு. ஈரத்துணி போத்தி ஓட்டிக்கினு வந்தேன்.”

எந்த வருடம் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். புல்லட் மூன்று வாரமாக நின்றிருந்தது. நாள்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். முதல் ஸ்டார்ட்டில் புகை போடும், அது வழக்கம். என்னைக் கிக்கரில் கால் வைக்கச் சொல்லிவிட்டு, அவர் இடப்பக்கம் வந்து டீகம்ப்ரஸர் லீவரில் கை வைத்தார். கண் ஆம்பியர் மீட்டர் மேலேயே இருந்தது. நான் தள்ளினேன். மைனஸ், மைனஸ்.

“இரு. இன்னும் வரல,” என்றார். “மெதுவா.”